உறங்கும் கிருமியும் தளர்ந்த உடலும்

காசநோய்க் கிருமி ஒருவருடைய உடலில் புகுந்திருப்பது வேறு. அவர் காசநோயால் பீடிக்கப்பட்டிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் வீண் அச்சம் பிறக்கிறது. முதலாவதை அறவே மறந்துவிடுவதாலோ பெருந்தீங்கு விளைகிறது. கிருமி புகுந்தும் நோய் தோன்றாத இந்நிலையை மருத்துவர் உள்ளுறை காசம் என்பர். வேறொரு நோயாலோ, அந்நோய்க்கு உட்கொள்ளும் மருந்தாலோ உடலின் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களிடத்தில் இதனை முன்கூட்டியே கண்டறிவது எப்படி, கண்டறிந்தபின் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இவ்வுரையில் விளக்க முற்படுகிறோம். தமிழகத்தைவிட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனியே கவனிக்கத்தக்க செய்திகள் சில உண்டு. அவற்றை இறுதியிற் கூறுவோம்.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இக்கிருமியை ஏற்றவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களிற் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் இருமல் இன்றி, காய்ச்சல் இன்றி, பிறருக்கு நோயைப் பரப்புவதும் இன்றி வாழ்ந்து முடிகின்றனர். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே என்றேனும் ஒருநாள் நோய் வெளிப்படுகிறது. இது சிறிய கணக்கு அன்று. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவில் இருந்தனர் என்றும் அந்நிறுவனமே மதிப்பிட்டது.

கிருமி உறங்குவது எவ்வாறு?

காசநோய் கண்டவர் இருமும்போது வெளிப்படும் நுண்திவலைகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குள் கிருமி சென்று தங்குகிறது. உடனே உடலின் காவற்படை விழித்தெழுகிறது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் பல திரண்டு கிருமியைச் சூழ்ந்து நிற்கின்றன. கிருமியை முற்றிலும் அழிக்க இயலாவிடினும் அவை ஒன்றோடொன்று நெருங்கி, சுவர் எழுப்பியது போன்ற சிறு முடிச்சாக மாறி அதனைச் சிறைவைக்கின்றன. மருத்துவ நூல்கள் இம்முடிச்சைக் கிரானுலோமா என்று குறிக்கும். சிறையுள் அடைபட்ட கிருமி பெருகுவதில்லை. ஆயினும் இறந்துவிடுவதும் இல்லை. ஆண்டுகள் பல, சில வேளைகளிற் பத்தாண்டுகள் பல, அங்கேயே கிடக்கும்.

இந்தச் சுவர் ஒருமுறை கட்டிவிட்டால் நிலைத்துவிடும் கற்சுவர் அன்று. காவலர் கைகோத்து நிற்பதே சுவர். அவர்கள் ஓயாது நின்றால்தான் சிறை சிறையாக இருக்கும். அவர்களுக்குள் செய்தி கொண்டு செல்லவும், அவர்களை ஒருங்கே நிறுத்தவும் உடல் சில புரதப் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் தலையாயது டி.என்.எஃப். எனச் சுருக்கி வழங்கப்படுவது. இப்பெயரை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இது மீண்டும் வரும்.

காசநோய்க் கிருமியைத் தாம் கண்ட செய்தியை ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் பெர்லின் நகரில் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் வெளியிட்டார். 1890-ஆம் ஆண்டில் கிருமியிலிருந்து வடித்த டியூபர்குலின் என்னும் சாற்றினை நோய் தீர்க்கும் மருந்தென அவர் அறிவித்தார். மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் பிர்க்கே 1907-ஆம் ஆண்டில் அச்சாற்றைத் தோலில் இட்டுப் பார்த்தபோது, நோயின் அறிகுறி எதுவுமற்ற குழந்தைகள் பலரிடமும் அவ்விடம் தடித்துச் சிவந்தது. நோயில்லாமலும் கிருமி உடலில் மறைந்திருக்கக்கூடும் என்பது அதனாற் புலப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் மாண்டூ, சாற்றைத் தோலின் மேலடுக்கினுள் ஊசியாற் செலுத்தும் முறையை வகுத்தார். அவர் பெயரால் வழங்கும் சோதனை இன்றும் நம் மருத்துவமனைகளில் நடைபெறுகிறது.

காவல் தளர்வது எவர்க்கு?

எச்.ஐ.வி. கிருமியை ஏற்றவர்கள் இவ்வரிசையில் முதலிடம் பெறுவர். அக்கிருமி தாக்குவதே எதிர்ப்பு ஆற்றலின் படைத்தலைவரைப் போன்ற வெள்ளணுக்களைத்தான். சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர், மாற்றுச் சிறுநீரகமோ பிற உறுப்போ பொருத்தப்பெற இருப்போர், பொருத்தப்பெற்றபின் அதனை உடல் தள்ளிவிடாதிருக்க மருந்து உண்போர், இரத்தப் புற்றுநோய் போன்றவற்றிற்குக் கடும் மருந்து பெறுவோர் ஆகியோர் அடுத்து வருவர். கல்லுடைக்கும் இடங்களிலும் சுரங்கங்களிலும் மணற்றூசியைச் சுவாசித்து சிலிக்கோசிஸ் நோய் கண்ட தொழிலாளரும் இவர்களைச் சேர்ந்தவரே.

ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஆஸ்துமா, முடக்குவாதம், தோல்நோய் எனப் பலவற்றிற்கும் இவை கொடுக்கப்படுகின்றன. சில நாள்களுக்குச் சிறிதளவு உட்கொள்வதைப் பற்றி இங்கே பேசவில்லை. பிரெட்னிசோலோன் போன்ற மருந்தினை நாள்தோறும் 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதத்திற்குக் குறையாமல் உண்போரிடம் காவல் தளர்கிறது என்பது மருத்துவர் கொண்டுள்ள பொது அளவு. மூட்டுவலி நொடியில் தீரும் என்று சொல்லிப் பொட்டலமாகக் கட்டித் தரப்படும் பெயரற்ற மாத்திரைகளில் இம்மருந்தே கலந்திருப்பதுண்டு. ஆதலால் அவற்றை உண்பவர் தாம் ஸ்டீராய்டு உண்பதையே அறியார். அறிய நேர்ந்தவர் அஞ்சி உடனே நிறுத்திவிடுவதும் கேடு பயக்கும். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

இனி, முன்னர்க் கூறிய டி.என்.எஃப். என்னும் பொருளுக்கு வருவோம். கிருமியைச் சிறைவைக்க உதவும் அதுவே, அளவுமீறிச் சுரந்தால் மூட்டுகளை வீங்கச் செய்கிறது; குடலைப் புண்ணாக்குகிறது. எனவே அதனை அடக்கும் ஊசிமருந்துகளை விஞ்ஞானிகள் படைத்தனர். இன்ஃபிளிக்சிமாப் என்னும் மருந்து 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண்டுக்கணக்கில் விரல் மடக்க இயலாதிருந்தோர் நலம் பெற்றனர். ஆனால் 2001-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வறிக்கை மருத்துவ உலகை எச்சரித்தது. அம்மருந்தைப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்டிருந்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்று முறையோ அதற்குக் குறைவாகவோ மருந்து செலுத்திய அளவிலேயே நோய் வெளிப்பட்டது. புதிதாகக் கிருமி தொற்றி வந்த நோய் இவ்வளவு விரைவில் இத்தனை பேரிடம் தோன்றுதல் அரிது. முன்பே உறங்கிக் கிடந்த கிருமி, காவலர் கைவிலகியதும் வெளியேறியது என்பதே பொருத்தமான விளக்கம்.

அவ்வறிக்கையில் மற்றொரு செய்தியும் உண்டு. அந்த 70 பேரில் 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே, நிணநீர் முடிச்சுகளிலும் வேறு உறுப்புகளிலும் தோன்றியிருந்தது. எதிர்ப்பு ஆற்றல் குன்றியவரிடம் காசநோய் இருமலாகவே வரவேண்டும் என்பதில்லை. நீங்காத காய்ச்சலாகவோ, உடல் இளைப்பாகவோ, கழுத்திற் கட்டியாகவோ வரலாம். கண்டுகொள்வதற்குக் காலம் தாழும். தாழ்ந்த காலம் உயிரைக் கொள்ளவும் கூடும். இதனாலேயே சிகிச்சையைத் தொடங்குமுன் சோதித்தறியும் வழக்கம் ஏற்பட்டது. ஸ்பெயின் நாட்டில் இவ்வழக்கத்தை முறையாக மேற்கொண்டபின் இத்தகைய நோயாளிகளிடம் காசநோய் பெருமளவு குறைந்தது. இம்மருந்துகளை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. கொடுக்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்டால் போதும்.

சோதனைகள் மூன்று

மாண்டூ சோதனையில் டியூபர்குலின் சாற்றிலிருந்து தூய்மைப்படுத்திய புரதம் 0.1 மில்லிலிட்டர் அளவில் முன்கையின் தோலினுள் செலுத்தப்படுகிறது. 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அவ்விடத்தை மருத்துவப் பணியாளர் தடவிப் பார்த்து அளக்கவேண்டும். அளக்க வேண்டியது சிவப்பை அன்று. கைக்குத் தட்டுப்படும் தடிப்பை. பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கிருமி புகுந்திருப்பதாகக் கொள்வர். எதிர்ப்பு ஆற்றல் குன்றியவரிடம் 5 மில்லிமீட்டரையே போதுமானதாகக் கொள்வர். தளர்ந்த உடல் பெரிதாகத் தடிக்க வலிமையற்றது என்பதே காரணம். ஊசி போட்டுக்கொண்டு சென்றவர் மூன்றாம் நாள் மருத்துவமனைக்குத் திரும்பாவிடில் சோதனை வீணாகும். வேலைக்கு விடுமுறை கிடைக்காமல் இவ்வாறு வீணாவது பலமுறை நிகழ்வதே. ஆதலின் நாளை முன்னரே எண்ணிப் பார்த்து ஊசி போட்டுக்கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனை. இதனை இக்ரா என்ற சுருக்கப் பெயரால் ஆய்வுக்கூடங்கள் வழங்கும். குருதியைச் சிறு குழாய்களில் எடுத்து, காசநோய்க் கிருமிக்கு உரிய சில புரதங்களோடு சேர்த்து 16 முதல் 24 மணி நேரம் வைத்திருப்பர். அக்கிருமியை முன்பே கண்டறிந்த வெள்ளணுக்கள் அதிலிருந்தால், பழைய பகைவனைக் கண்டதுபோல் இண்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கும். அதன் அளவைக் கொண்டு முடிவு கூறுவர். ஒருமுறை குருதி கொடுத்தாற் போதும். மூன்றாம் நாள் மீண்டும் செல்ல வேண்டியதில்லை. ஆனால் நல்ல ஆய்வுக்கூட வசதி இதற்கு வேண்டும்.

மூன்றாவது, புதிய தோல் சோதனை. இரத்தப் பரிசோதனையிற் பயன்படும் அதே புரதங்களை மாண்டூ முறையில் தோலிற் செலுத்தி அளப்பது இது. 2022-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகைச் சோதனைகளை ஏற்றுப் பரிந்துரைத்தது. இரண்டாவது சோதனைக்கும் மூன்றாவதற்கும் பொதுவான சிறப்பு ஒன்று உண்டு. பி.சி.ஜி. தடுப்பூசியில் உள்ள கிருமியிடம் அப்புரதங்கள் இல்லை. ஆகையால் தடுப்பூசி போட்டுக்கொண்ட காரணத்தால் மட்டும் இவற்றில் தவறான முடிவு வருவதில்லை. மாண்டூ சோதனையிலோ தடுப்பூசியின் விளைவு கலந்துவிட இடமுண்டு.

தடுப்பூசித் தழும்பு தோளில் இருக்கிறதே, பிறகு ஏன் சோதனை என்று வினவுவோர் உளர். பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கொடிய வகைக் காசநோயிலிருந்து காக்கிறது. ஆனால் வயது வந்தோரின் நுரையீரற் காசத்தை அது தடுக்கிறதா என்று அறிய 1968-ஆம் ஆண்டில் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வு, பதினைந்து ஆண்டுகள் கவனித்தபின்னும் அத்தகைய பாதுகாப்பைக் காணவில்லை. எனவே தழும்பைக் காட்டிச் சோதனையைத் தவிர்ப்பது பொருந்தாது.

இச்சோதனைகளின் எல்லையையும் அறிதல் வேண்டும். மூன்றுமே உடலின் காவற்படையைத்தான் வினவுகின்றன. கிருமியை நேரிற் காண்பதில்லை. காவற்படையே சோர்ந்திருந்தால் விடை வராது. நெடுநாள் டயாலிசிஸ் செய்துகொள்பவரிடமும், எச்.ஐ.வி. முற்றியவரிடமும் கிருமி இருந்தும் சோதனை இல்லையெனக் காட்டுவது உண்டு. இரத்தப் பரிசோதனையில் இதனை ஓரளவு அறிய ஒரு வழி வகுத்துள்ளனர். எந்த வெள்ளணுவையும் தட்டியெழுப்பவல்ல பொருள் ஒன்றை ஒரு குழாயில் சேர்ப்பர். அக்குழாயிலும் சுரப்பு இல்லையெனில், முடிவு கூற இயலாது என்றே சீட்டில் எழுதுவர். அச்சொற்களை நோய் இல்லை என்று படித்து மகிழ்ந்துவிடக்கூடாது.

ஆகையால், இயலுமாயின் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்தைத் தொடங்குமுன்னரே சோதனையைச் செய்துகொள்வது முறை. காவலர் விழித்திருக்கும்போது அவர்களைக் கேட்பதே தக்கது. சோதனை எதுவாயினும் அதனோடு மார்பின் எக்ஸ்ரே படமும், நோயாளியின் பழைய வரலாறும் சேரவேண்டும். இம்மூன்றில் வரலாற்றை எந்தக் கருவியாலும் எடுக்க முடியாது. அதனை நாமே வாய்திறந்து சொல்லவேண்டும்.

கண்டறிந்தபின்

சோதனை உண்டெனக் காட்டினால் முதலிற் செய்யவேண்டியது, வெளிப்பட்ட நோய் இல்லை என்பதை உறுதிப்படுத்துவது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்த்தல் ஆகிய நான்கையும் மருத்துவர் கேட்பார். எக்ஸ்ரே எடுப்பார், ஐயம் இருப்பின் சளியைச் சோதிப்பார். இப்படியை விட்டுவிடுவதில் ஒரு பேரிடர் உண்டு. உள்ளுறை காசத்திற்கு ஒன்றிரண்டு மருந்துகளே போதும். வெளிப்பட்ட நோய்க்கு நான்கு மருந்துகள் சேர்ந்து வேண்டும். நோய் உள்ளவருக்கு ஒரே மருந்தைக் கொடுத்தால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பிழைத்துப் பெருகும். பின்னர் அந்த மருந்து அவருக்கும் பயன்படாது. அவரிடமிருந்து தொற்றுவோருக்கும் பயன்படாது.

நோய் இல்லையென்று உறுதியானபின் தடுப்புச் சிகிச்சை தொடங்கும். ஐசோனியாசிட் மாத்திரையை நாள்தோறும் ஆறு மாதம் உண்பது பழைய முறை. ஐசோனியாசிடையும் ரிஃபாபென்டினையும் சேர்த்து வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் உண்பது புதிய முறை. எவருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே கூறவேண்டும். உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் எச்.ஐ.வி. மருந்து உண்போரும் தாம் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் அவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. ரிஃபாபென்டின் வகை மருந்துகள் வேறு பல மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும்; மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தும் அவற்றுள் அடங்கும்.

ஐசோனியாசிட் சிலருக்கு ஈரலைத் தாக்கும். பசியின்மை, குமட்டல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கருமையாதல் ஆகியவை கண்டால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைக் காணவேண்டும். மதுவை விலக்குதல் வேண்டும். கைகால் விரல்களில் மதமதப்பு வாராதிருக்கப் பைரிடாக்சின் என்னும் வைட்டமின் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பர். முடக்குவாத ஊசி தொடங்க இருப்பவர்களுக்கு, தடுப்புச் சிகிச்சை பொதுவாக ஒரு மாதமேனும் நடந்தபின் ஊசியைத் தொடங்குவது வழக்கம்.

2021-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தடுப்புச் சிகிச்சைக்கு உரியோரை விரித்துக் கூறின. எச்.ஐ.வி. உள்ளோருக்கும், காசநோயாளியின் வீட்டில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் உள்ளுறை காசச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் இல்லையென அறிந்தவுடன் தடுப்பு மருந்து கொடுக்கலாம். எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உண்போர், டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்து பெறுவோர், டயாலிசிஸ் செய்வோர், உறுப்பு மாற்றத்திற்கு ஆயத்தமாவோர், சிலிக்கோசிஸ் உடையோர் ஆகியோரைச் சோதித்து, கிருமி உண்டெனில் கொடுக்கலாம். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வாயிலாக இம்மருந்துகள் விலையின்றி வழங்கப்படுகின்றன.

நீரிழிவு நோயும் காசநோய் வருவதற்கான வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு உயர்த்துகிறது. நீரிழிவு உள்ள அனைவருக்கும் உள்ளுறை காசச் சோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறவில்லை. ஆயினும் அவர்கள் மேற்சொன்ன நான்கு அறிகுறிகளை அசட்டை செய்யலாகாது. மருந்தாலும் நோயாலும் அன்றி, வறுமையாலும் காவல் தளர்வதுண்டு. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தி 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது.

நமக்குரிய செய்திகள்

புனேயிலோ தில்லியிலோ வாழும் ஓர் அம்மையாரைக் கற்பனையாகக் கொள்வோம். வயது ஐம்பது, முடக்குவாதம். ஊசிமருந்து தொடங்குமுன் மருத்துவர், வீட்டில் எவருக்கேனும் டி.பி. இருந்ததா என்று கேட்கிறார். அம்மையார் தம் கணவரையும் மக்களையும் எண்ணி, இல்லை என்கிறார். ஆனால் அவர் ஏழு வயதில் ஊரிலிருந்தபோது அவரை மடியில் வைத்து வளர்த்த பாட்டனார் இருமி இருமி இறந்தவர். நாற்பது ஆண்டுக்கு முற்பட்டது, ஆயிரம் மைலுக்கு அப்பால் நடந்தது, ஆகவே அது இவ்வீட்டுச் செய்தி அன்று என அவர் கருதுகிறார். கிருமியோ காலத்தையும் தொலைவையும் எண்ணுவதில்லை. மருத்துவர் கேட்கும் வீடு என்பது நாம் இன்று குடியிருக்கும் வீடு மட்டுமன்று. பிறந்ததிலிருந்து நாம் எவருடன் ஒரே கூரையின்கீழ் உறங்கினோமோ அந்த வீடுகள் அனைத்துமாம்.

மொழியும் ஒரு தடை. டி.பி. என்னும் சொல் நாடெங்கும் விளங்குமாயினும், படிவங்களிலும் மூத்த செவிலியர் வாயிலும் வேறு பெயர்கள் வரும். தில்லியிலும் வடக்கிலும் தபேதிக் என்றும் க்ஷயரோக் என்றும் வழங்குவர். மராத்தியிலும் கன்னடத்திலும் க்ஷயரோகம் என்னும் வடசொல்லே வழங்குகிறது. வங்காளத்தார் யக்ஷ்மா என்று எழுதுவர். கேள்வி விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு வருவதைவிட, மீண்டும் கேட்டுத் தெளிந்து விடையளிப்பது மேல். முதியோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் அவர்கள் சார்பில் தாமே இல்லை என்று சொல்லிவிடாமல், அவர்களைத் தமிழிற் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே மருத்துவருக்கு எடுத்துரைக்கவேண்டும். முன்பு காசநோய் கண்டு மருந்துண்டு குணமானவர்கள், எந்த ஆண்டு, எத்தனை மாதம் உண்டனர் என்பதையும் கூறவேண்டும்.

மறைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. குடும்பத்தில் இந்நோய் இருந்ததென வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது, வாடகைக்கு வீடு கிடைக்காது என்ற அச்சம் அது. புதிய ஊரில் நாலு பேரை அண்டி வாழ்வோருக்கு இவ்வச்சம் இருமடங்கு. இதனை வெறும் அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. ஆயினும் இரண்டு உண்மைகளைச் சொல்லவேண்டும். உள்ளுறை காசம் உடையவர் எவருக்கும் நோயைத் தருவதில்லை. அவரோடு உண்ணலாம், உறங்கலாம், அவர் குழந்தையை எடுக்கலாம். வெளிப்பட்ட நோயைக்கூட வீட்டில் வைத்தே தீர்க்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியது சென்னைதான். 1956-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. குணமடைவதில் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்கு அதனாற் கூடுதல் தீங்கு நேரவில்லை. மருந்துண்ணும் நோயாளியைக் கண்டு ஊர் அஞ்ச வேண்டிய காலம் அன்றே மலையேறிற்று.

இறுதியாக, பயணத்தைப் பற்றி ஒரு சொல். ஆறு மாத மருந்தின் இடையே பொங்கல் வரும்; பள்ளி விடுமுறை வரும்; ஊரில் ஒரு திருமணமும் வரும். பத்து நாளுக்கெனப் புறப்பட்டவர் ஒரு மாதம் தங்கிவிடுவார், மாத்திரை தீர்ந்துபோகும். நோயாளிகளும் தடுப்பு மருந்து உண்போரும் நி-க்ஷய் என்னும் நாடளாவிய பதிவில் எண்ணுடன் குறிக்கப்படுகின்றனர். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, புறப்படுமுன் மருத்துவமனையில் தெரிவித்தால், போகுமிடத்து அரசாங்க மருத்துவ நிலையத்தில் மருந்தைத் தொடர ஏற்பாடு செய்யலாம். வழி தெரியாதவர் 1800-11-6666 என்ற எண்ணைத் தொலைபேசியிற் கட்டணமின்றி அழைத்துக் கேட்கலாம்.

ஆகவே, ஸ்டீராய்டோ, முடக்குவாத ஊசியோ, டயாலிசிஸோ, உறுப்பு மாற்றமோ நம் வீட்டில் எவருக்கேனும் தொடங்கும் நாள் குறிக்கப்படுமாயின், மருத்துவர் மறந்தாலும் நாம் மறவாது ஒரு கேள்வியைக் கேட்போம்: மறைந்திருக்கும் காசத்திற்குச் சோதனை ஆயிற்றா? அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கு, பிறந்த ஊரையும் வளர்த்தவர்களையும் நினைவுகூர்ந்து உண்மையான விடை கூறுவோம். சோதனை உண்டெனக் காட்டினால் அது நோயின் தீர்ப்பு அன்று. நோய் வருமுன் கிடைத்த எச்சரிக்கை. இல்லையெனக் காட்டினாலும், தளர்ந்த உடலில் நீங்காத காய்ச்சலும் இளைப்பும் கண்டால் மீண்டும் மருத்துவரிடம் செல்வோம். சில மாத மாத்திரைகளால் ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது, அதனை நழுவவிடாதிருப்போமாக.